பூ வரவில்லை, சிலந்திதான் வருகிறது: இம்ப்ளோஷன் கோலி பழகுகிறவர்கள் கொஞ்சம் வாருங்கள்

போர்ட்லண்ட் கதிர் | சனி, இரவு 10.12

மூன்று வாரமாக மண்டை காய்கிறது. வீட்டில் இதைப் பற்றிப் பேச ஆள் இல்லை, அதனால் இங்கே வந்து கொட்டுகிறேன்.

இங்கே ஓரிகனில் போரோ கண்ணாடி (ஆய்வுக்கூடக் குடுவைகள் செய்யும் போரோசிலிகேட்) வேலை செய்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை, டார்ச், அதாவது கண்ணாடியை உருக்கும் சுடர்க் கருவி, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். போன வருடம் ஒரு வார இறுதி வகுப்பில் குச்சி இழுப்பது, புள்ளி வைப்பது, உருண்டை உருட்டுவது எல்லாம் பழகிக்கொண்டேன். இப்போது ஆசை இம்ப்ளோஷன் கோலி மேல். தெளிவான கண்ணாடிக்குள்ளே பூ மலர்ந்து நிற்குமே, அது. முதலில் பார்த்தபோது பூவைத் தனியாகச் செய்து உள்ளே வைத்து மூடியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். வெளியே வைத்த புள்ளிதான் உள்ளே இழுபட்டு இதழாகிறது என்று பக்கத்து டார்ச்காரர் சொன்னதும் அன்றைக்குத் தூக்கம் போச்சு.

நான் செய்வது இதுதான். 12 மி.மீ. தெளிவான போரோ ராடு. நுனியைச் சூடாக்கிக் கட்டியாகத் திரட்டி, கிராஃபைட் பேடிலில் நேராக அழுத்தி மரியா போடுகிறேன், அதாவது ராடு நுனியில் ஒரு வட்டத் தட்டு. அகலம் நம்ம பத்து ரூபாய் நாணயம் அளவு, 27 மி.மீ. தட்டின் முகத்தில் விளிம்பை ஒட்டி எட்டு வெள்ளைப் புள்ளி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கோபால்ட் நீலப் புள்ளி. உள் வட்டத்தில் இலைக்காக எட்டுப் பச்சை. நடுவில் ஒரே ஒரு மஞ்சள். அப்புறம் முழு முகத்தையும் தீயில் காட்டி, உருண்டையாகும்வரை சூடு.

நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பல், அதிலிருந்து எட்டுக் கால். சிலந்தி! பதினான்கு தடவை செய்தேன், பதினான்கும் சிலந்தி. இரண்டில் கூடவே பெரிய காற்றுக் குமிழ், சிலந்திக்குத் தொப்பை போட்ட மாதிரி. மகள் ஹாலோவீனுக்கு ஆகும் என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டாள். எங்கே தப்பு செய்கிறேன்?


போளைக்காரி | சனி, இரவு 11.40

நீங்கள் கோலி என்பதை யாழ்ப்பாணத்தில் நாங்கள் போளை என்போம், என் பெயரைப் பார்த்துக் குழம்பவேண்டாம். ஸ்கார்பரோவில் வீட்டுக் கராஜில் வைத்துச் செய்கிறேன், ஒன்பது வருடம் ஆகுது. போளையைவிடப் பென்டன் (கழுத்தில் போடும் டாலர்)தான் கூடச் செய்வது, விற்கிறதும் அதுதான்.

தம்பி, "முழு முகத்தையும் தீயில் காட்டி" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பிழை அங்கேதான். முகத்தைச் சூடாக்கக் கூடாது. விளிம்பை மட்டும் சூடாக்கவேணும்.

என்ன நடக்குது என்று யோசித்துப் பாருங்கோ. விளிம்பு இளகினால் அது தடித்து, சுருண்டு, முகத்தின் நடுவை நோக்கி மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வரும். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் வாய் எப்படிச் சுருங்குமோ அப்படி. முகத்தில் இருந்த புள்ளியெல்லாம் அந்த மூடலுக்குள் அகப்பட்டு உள்ளே இழுபடும். வட்டமாய் இருந்த புள்ளி நீண்டு இதழாகும். நடுப் புள்ளி ஆழத்துக்குப் போகும். இதெல்லாம் ஒழுங்காய் நடக்க நடு விறைப்பாய் இருக்கவேணும். நடுவும் இளகிவிட்டால் எல்லாப் புள்ளியும் ஒன்றுக்குள் ஒன்று போய்க் கலக்கும், உங்கள் சாம்பல் குழம்பல் அதுதான்.

சுடர் பக்கவாட்டில் இருந்து விளிம்பைத் தடவிக்கொண்டு போகவேணும். முகத்தில் விழக்கூடாது. ராடைச் சுற்றிக்கொண்டே இருங்கள், முகம் கொஞ்சம் நிலத்தைப் பார்க்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். விளிம்பு தன் பாரத்தில் முன்னுக்கு இறங்கி மூடும். உங்கள் அளவு மரியா மூட எனக்கு ஆறேழு நிமிடம் எடுக்கும். உங்களுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது?


போர்ட்லண்ட் கதிர் | சனி, இரவு 11.52

அக்கா, ஒன்றரை நிமிடம். 🙈


பழைய ஊதுகுழல் | ஞாயிறு, காலை 6.05

சென்னையிலிருந்து. கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குக் கண்டென்சரும் ஸ்டாப்காக்கும் ஊதிக் கொடுத்தே 31 வருடம் ஓட்டியவன். கோலியெல்லாம் ஓய்வுக்குப் பிறகு, பேரனுக்காகத் தொடங்கியது. போளைக்காரி சொன்னது முழுக்கச் சரி, அதோடு இரண்டு விஷயம்.

முதலாவது உன் மரியா. அகலம் சொன்னாய், கனம் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தால் அப்பளம் மாதிரித் தட்டியிருக்கிறாய். அப்பளம் வேண்டாம் தம்பி, வடை கனத்துக்கு வேண்டும். மெல்லிய தட்டில் விளிம்பை மட்டும் சூடாக்குவது என்பதே முடியாது, சூடு அரை நிமிடத்தில் நடுவுக்கு ஓடிவிடும். அதோடு, மூடும்போது மெல்லிய விளிம்பு மடங்கிக் காற்றைப் பிடித்துக்கொள்ளும். உன் சிலந்தியின் தொப்பை அப்படி வந்ததுதான்.

இரண்டாவது நிறம் வைக்கும் வரிசை. இதை யாரும் கவனிக்கவில்லை. நீ புள்ளி வைப்பது முகத்தில், ஆனால் வேலை முடிந்ததும் அந்த முகம் கோலியின் முதுகாகிவிடும். பார்க்கப்போவது ராடு இருந்த பக்கத்திலிருந்து. அதாவது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழுதுகிறாய், முன்னாலிருந்து பார்க்கப்போகிறாய். தஞ்சாவூரில் கண்ணாடிக்குப் பின்புறம் ஓவியம் எழுதுகிறவர்கள் செய்வதும் இதையேதான்: நகையும் கண்மையும் முதலில், உடம்பு நிறம் பிறகு, பின்னணி கடைசியில். வெள்ளையை முதலில் வைத்து அதன் மேல் நீலத்தை வைத்தால் பார்க்கிறவனுக்கு வெள்ளைதான் முன்னால் தெரியும், நீலம் முதுகுப் பக்கம் ஒளிந்துகொள்ளும். வெளிச்சம் புகும் நீலத்தை முதலில் வை, வெள்ளையை அதன் மேல் வை. அப்போதுதான் வெள்ளை பின்னாலிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், நீலம் ஒளிரும்.

பச்சைக்கும் இதே கதைதான். நடுவில் இருப்பதுதான் ஆழமாகப் போய்ப் பார்க்கிறவன் பக்கம் வந்து நிற்கும். இலையை உள்வட்டத்தில் வைத்தால் பூவுக்கு முன்னால் இலை நிற்கும். இலை வெளிவட்டம், இதழ் உள்வட்டம், மகரந்தம் நடு.


போர்ட்லண்ட் கதிர் | ஞாயிறு, காலை 9.30

ஐயா, எழுந்ததும் இதைப் படித்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பதினான்கு தடவையும் நீலத்தைக் கொண்டுபோய் முதுகில் ஒளித்துவைத்துவிட்டு "நீலம் எங்கே, நீலம் எங்கே" என்று தேடியிருக்கிறேன்.


ஹூஸ்டன் மணி | ஞாயிறு, மதியம் 1.15

எல்லாரும் முகத்தைக் கீழே சாய்க்கச் சொல்கிறீர்கள். நான் மேலே பார்க்கவைத்துத்தான் செய்கிறேன், பூ அழகாகவே வருகிறது. கண்ணாடிக்கு ஏது மேல் கீழ், பரப்பு இழுவிசைதான் எல்லா வேலையையும் செய்கிறது. புவியீர்ப்பை நம்பிச் செய்தால் பூ ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் போகும்.


போளைக்காரி | ஞாயிறு, மாலை 4.20

மணி அண்ணா, உங்கள் பூ படத்தைப் பார்த்தேன், வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் தட்டையாய் விரிந்த பூ, செவ்வந்தி போல. முகம் மேலே பார்த்தால் இளகின விளிம்பு பின்பக்கம், ராடு பக்கமாய்த் தொங்கும், அதனால் ஆழம் குறையும். தட்டைப் பென்டனுக்கு அது நல்லது, நானும் அப்படிச் செய்கிறனான். ஆழமாய்த் தாமரை மொட்டுப் போல வரவேணும் என்றால் கீழேதான் சாய்க்கவேணும். கோணுவது சாய்வால் வருவது இல்லை, சுற்றாமல் ஒரு விநாடி நிற்பதால் வருவது.


ஹூஸ்டன் மணி | ஞாயிறு, மாலை 4.41

ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆனால் செவ்வந்தி என்று சொன்னதற்கு நன்றி.


கோவை பாலா | திங்கள், இரவு 8.50

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். நான் கோவை. பாசிமணி செய்யும் மென்கண்ணாடி ராடுதான் கைவசம், சிஓஇ (சூட்டில் விரியும் அளவு) 104, சின்ன டார்ச். அதில் இம்ப்ளோஷன் வருமா? இன்னொன்று, போன வாரம் ஆய்வுக்கூடச் சாமான் கடையில் தெளிவான போரோ ராடு ஒன்று கிடைத்தது. அதில் மரியா போட்டு, என்னிடம் இருந்த சிவப்பு மென்கண்ணாடியில் ஆறு புள்ளி வைத்தேன். இந்தச் சின்ன டார்ச்சில் போரோவை இளக்குவதற்குள் உயிர் போனது, ஆனால் சொன்னால் நம்பமாட்டீர்கள், பூ அருமையாக வந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மணலில் புதைத்து ஆறவிட்டேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டொக் என்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் ஒவ்வொரு இதழைச் சுற்றியும் பிறை பிறையாக விரிசல். தொட்டதும் உதிர்ந்தது. மணல்தான் காரணமா?


பழைய ஊதுகுழல் | செவ்வாய், காலை 5.50

மணலைத் திட்டாதே பாலா. உலகத்தின் சிறந்த கில்னில், அதாவது கண்ணாடியை மெதுவாக ஆறவைக்கும் சூளையில், வைத்திருந்தாலும் அது உடைந்திருக்கும்.

அந்த 104, போரோவின் 33 என்பதெல்லாம் சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரிகிறது என்பதைச் சொல்லும் எண். 25 மி.மீ. நீளமுள்ள போரோ 450 டிகிரி ஆறினால் சுமார் 0.04 மி.மீ. சுருங்கும். அதே நீளமுள்ள 104 கண்ணாடி சுமார் 0.12 மி.மீ. சுருங்கும். வித்தியாசம் 0.08, கிட்டத்தட்ட ஒரு தலைமுடி கனம். தலைமுடிதானே என்று தோன்றும். ஆனால் இரண்டும் உருகி ஒன்றாக ஒட்டியிருக்கின்றன, ஒன்று இழுக்கிறது, மற்றது விடமாட்டேன் என்கிறது, கண்ணாடிக்கு நெளியத் தெரியாது. விரிசல் பிறை பிறையாக இதழைச் சுற்றி வந்தது என்றாயே, அதுவே சாட்சி. தப்பாக ஆறியிருந்தால் கோலிக்குக் குறுக்கே ஒரே விரிசலாகப் போயிருக்கும்.

மென்கண்ணாடியிலேயே எல்லாவற்றையும் செய்தால் இம்ப்ளோஷன் தாராளமாக வரும். மரியாவும் 104, நிறமும் 104. அது சீக்கிரம் இளகும், அதனால் போரோவில் கிடைக்கும் அவகாசம் கிடைக்காது, தீயிலிருந்து எடுத்து எடுத்துக் காட்டவேண்டும். சட்டென்று குளிர்ந்தால் வெடிக்கவும் செய்யும். உன் டார்ச்சுக்கு 15, 18 மி.மீ. தாண்டாதே. போரோ வேண்டுமென்றால் ஆக்சிஜன் கட்டாயம்.

இதையும் கேட்டுக்கொள். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தாதே, அது சமையலுக்கு மட்டும். வணிக சிலிண்டர் எடு, பின்சுடர் தடுப்பான் போடு, ஜன்னலை மட்டும் நம்பாமல் புகையை வெளியே இழுக்கும் ஃபேன் வை. கண்ணுக்கு டிடிமியம் கண்ணாடி. சோடியத்தின் மஞ்சள் ஒளியை அது வடிகட்டும், மென்கண்ணாடிக்கு அது போதும். போரோவுக்குப் போதாது, வெளிச்சமும் அகச்சிவப்பும் அதிகம், வெல்டர்கள் போடுகிற மாதிரி இன்னும் கறுத்த கண்ணாடி வேண்டும். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. எங்கள் காலத்தில் யாரும் சொல்லவில்லை.


போர்ட்லண்ட் கதிர் | வியாழன், இரவு 11.30

இன்று மூன்று மணி நேரம் டார்ச் எடுத்தேன். அறிக்கை வருமாறு.

15ஆவது: வடை கனத்தில் மரியா, விளிம்பில் மட்டும் சூடு. நடு கறுப்பாகவே இருக்க, விளிம்பு மட்டும் ஆரஞ்சு வளையமாக ஜொலித்தது. அந்த வளையம் சுருங்கச் சுருங்கப் புள்ளிகள் நீண்டுகொண்டே உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தேன், முதல் தடவையாக. வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததில் சுற்ற மறந்துவிட்டேன். பூ காது பக்கம் போய்விட்டது. மணி அண்ணன் மன்னிக்கவேண்டும், சாய்வு காரணமில்லை, நான்தான்.

16ஆவது: பூ வந்தது! எட்டு இதழ், நீலம், பின்னால் பச்சை எட்டிப் பார்க்கிறது. முதுகில் கறுப்புப் போட்டு, மேலே இன்னொரு தெளிவான ராடைக் கைப்பிடியாக, அதுதான் பன்ட்டி, ஒட்டினேன். பழைய ராடை உருக்கி அறுத்தேன். அறுந்த இடத்தில் இருந்த மூக்கை உருக்க ஆரம்பித்த நேரத்தில் பன்ட்டி விட்டுவிட்டது. கோலி மேசையில் ஒரு துள்ளு, தரையில் ஒரு துள்ளு, அலமாரிக்கு அடியில் போய்விட்டது. சிவப்பாக இல்லையே என்று விரலை நீட்டினேன். பக்கத்து டார்ச்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஒரு காகிதத் துண்டைத் தூக்கி அதன் மேல் போட்டார், காகிதம் பழுப்பாகிச் சுருண்டு பற்றிக்கொண்டது. விரலாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் உள்ளங்கால் கூசுகிறது. இடுக்கியால் எடுப்பதற்குள் அது மூன்றாகப் பிளந்துவிட்டது.

17ஆவது: பூ உண்டு, ஆனால் இதழ்களுக்கு நடுவே நூல் மாதிரி வெள்ளிக் கோடுகள், எல்லாம் குட்டிக் குட்டிக் காற்று. இது ஏன்?


போளைக்காரி | வெள்ளி, காலை 7.10

16க்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி.

17: புள்ளியை மேட்டில் விட்டுவிட்டு மூடி இருக்கிறீர்கள். புள்ளி முகத்தில் குமிழ் மாதிரி எழும்பி நின்றால் அதன் அடியில், ஓரத்தில், ஒரு இடுக்கு இருக்கும். விளிம்பு வந்து மூடும்போது அந்த இடுக்கில் இருக்கிற காற்று எங்கே போகும்? இதழோடு சேர்ந்து அதுவும் நீளும். ஒவ்வொரு புள்ளி வைத்ததும் சின்னச் சுடரால் அதை மட்டும் சூடாக்கிப் பாதி அளவுக்கு அமிழ்த்துங்கள், எல்லாம் வைத்து முடிந்ததும் முழுதாய் மட்டமாக்குங்கள். கையால் தடவினால் வழுவழு என்று இருக்கும் போல வரவேணும். (தடவிப் பார்க்கவேண்டாம்!)

புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி முக்கியம். 27 மி.மீ. மரியாவில் விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே, 22 மி.மீ. வட்டத்தில் வைத்தால் சுற்றளவு கிட்டத்தட்ட 69. எட்டுப் புள்ளிக்கு ஒவ்வொன்றுக்கும் எட்டரை மி.மீ. இடம். புள்ளி நாலரைக்கு மேல் போகக்கூடாது, மிச்சம் தெளிவான கண்ணாடி. அந்தத் தெளிவுதான் இதழைப் பிரித்துக் காட்டும். உள்வட்டத்தில் இடம் இன்னும் குறைவு, அங்கே ஐந்தோடு நிறுத்துங்கள். எட்டு வைக்க முதலில் கடிகாரம் போல 12, 6, 3, 9 வைத்துவிட்டு இடையில் நாலு வையுங்கள். ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாய்ப் போனால் கடைசிப் புள்ளிக்கு இடம் மிஞ்சாது. கோலம் போடுகிற ஆட்களுக்கு இது சொல்லத் தேவையில்லை.

பன்ட்டி: ஒட்டும்போது பன்ட்டி நுனி நல்ல சூடு, கோலியின் அந்த இடம் மங்கல் சிவப்பு. இரண்டும் கொதித்தால் பிறகு கழற்றும்போது முதுகைப் பிய்த்துக்கொண்டு வரும், இரண்டும் குளிர்ந்தால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். ஒட்டினதும் பழைய ராடு பக்கத்தை மெல்ல ஆட்டிப் பார்த்துவிட்டு அறுங்கள்.


கோவை பாலா | வெள்ளி, இரவு 9.15

அக்கா, நிறம் என்ன வாங்குவது என்று யாரும் சொல்லவில்லையே?


போளைக்காரி | வெள்ளி, இரவு 10.02

உங்களுக்கு 104 என்றால் முரானோவில் செய்கிற எஃபெத்ரே ராடுகள் சுகமாய்க் கிடைக்கும். போரோவுக்கு நார்த்ஸ்டார், கிளாஸ் ஆல்கெமி, டிராட்மன் என்று அமெரிக்காவில் செய்கிறார்கள். தொடக்கத்தில் மூன்றே நிறம் போதும்: கோபால்ட், வெள்ளை, ஒரு பச்சை. கோபால்ட் மிகக் கடும் நிறம், ஒரு சின்னப் புள்ளி நீண்டாலும் அடர்த்தி குறையாது, கூட வைத்தால் கறுப்பாய்த் தெரியும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளில் காட்மியம் சேர்ந்த நிறங்கள் சூடு கூடினால் கொதித்து நுரைக்கும். அவற்றுக்கு ஆக்சிஜன் கூடின சுடர், கொஞ்சம் தள்ளிப் பிடித்து. வெள்ளி சேர்ந்த நிறங்களில் அம்பர் ஊதாவாகும், ஊதா நீலமாகும், சுடரைப் பொறுத்து அது தன் இஷ்டத்துக்கு ஆடும். எனக்கு ஆறு வருடம் கழித்தும் அதோடு சண்டைதான்.


போர்ட்லண்ட் கதிர் | அடுத்த வியாழன், இரவு 11.50

19, 20 இரண்டும் தேறின. கோலி உருட்டக் கிராஃபைட் அச்சுக்குழியில் போட்டுச் சுற்றினேன், 25 மி.மீ. வந்தது, எடை 18 கிராம். லென்ஸ் பக்கம், அதாவது பூவைப் பார்க்கும் பக்கம், அறுத்த இடத்தில் ஒரு சுழி தெரிந்தது, அக்கா சொல்லுமுன்பே கண்டுபிடித்து, தெளிவான குச்சி ஒன்றை ஒட்டி அந்த மூக்கை இழுத்தெடுத்து மறுபடி உருக்கினேன், போய்விட்டது. பூ உருண்டைக்குள் பெரிதாகத் தெரிகிறது, பக்கத்திலிருந்து பார்த்தால் அது சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை.

21ஐ மகளுக்கு டாலராகச் செய்தேன். தட்டை முதுகு, மேலே வளையம். வளையத்துக்கு 5 மி.மீ. குச்சி, தலையில் ஒட்டி, டங்ஸ்டன் கம்பியைச் சுற்றி வளைத்து ஒட்டினேன். கில்னில் வைத்து எடுத்தேன். இரண்டு நாள் கழுத்தில் போட்டிருந்தாள், மூன்றாம் நாள் பள்ளியில் வளையம் கழன்று டாலர் விழுந்தது. உடைந்த இடம் பளபளவென்று சங்கின் உட்புறம் மாதிரி இருக்கிறது. நிறமெல்லாம் போரோதான், சத்தியமாக.


பழைய ஊதுகுழல் | வெள்ளி, காலை 6.15

வளையத்தின் அடியில் குளிர் ஒட்டு. கோலியின் தலை குளிர்ந்திருக்கும்போது குச்சியை மட்டும் உருக்கி ஒட்டியிருக்கிறாய். வெளியே ஒட்டின மாதிரித் தெரியும், அடியில் ஒரு கூர்மையான மடிப்பு இருக்கும், விரிசல் அங்கேதான் பிறக்கும். குச்சி தலையில் பாய்ந்து கழுத்துப்பக்கம் வளைவாக இறங்கவேண்டும், ஈயம் பற்றவைத்த மாதிரி. அதைச் செய்யும் நேரத்தில் பூவை மறந்துவிடாதே, ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை டாலர் முழுவதையும் சுடரில் காட்டி எடு, இல்லாவிட்டால் அது ஆறி வெடிக்கும்.

கில்னில் என்ன கணக்கு வைத்தாய்?


போர்ட்லண்ட் கதிர் | வெள்ளி, காலை 8.00

வாடகைக் கூடத்துக் கில்ன் ஐயா, எல்லாருடையதும் ஒன்றாகப் போகும். நான் கிளம்பும் அவசரத்தில் கடைசியாக வைத்தேன், பத்துப் பதினைந்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.


ஹூஸ்டன் மணி | வெள்ளி, காலை 8.22

இதற்கெல்லாம் கில்ன் எதற்கு? போரோவின் பெருமையே அதுதான். நான் ஐந்து வருடமாக ஃபைபர் கம்பளியில் சுற்றி வைக்கிறேன், ஒன்றும் உடையவில்லை.


பழைய ஊதுகுழல் | வெள்ளி, காலை 9.40

மணி, உன்னிடம் உடையவில்லை, வாங்கினவர்களிடம் கேட்டாயா? கம்பளி மெதுவாக ஆறவைக்கும், அழுத்தத்தை நீக்காது. நான் ஆய்வுக்கூடத்தில் ஊதின ஃபிளாஸ்க் ஒன்று நாலு மாதம் அலமாரியில் சும்மா இருந்துவிட்டு ஒரு மார்கழிக் காலையில் தானாக உடைந்தது. அன்றைக்கு யாரும் அதைத் தொடவில்லை.

கதிர், 25 மி.மீ. கோலிக்கு நான் வைப்பது: 565 டிகிரியில் ஒரு மணி நேரம், அப்புறம் 480 வரை மணிக்கு 60 டிகிரியாக இறக்கம், அதற்குக் கீழே கில்ன் தானாக ஆறட்டும். கனம் இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்கு. 50 மி.மீ. கோலியை 25 கணக்கில் வைத்துவிட்டு அழாதே.

சோதித்துப் பார்க்கக் காசு செலவில்லாமல் ஒரு வழி இருக்கிறது. லேப்டாப்பில் வெள்ளைத் திரை வை. போலராய்டு கூலிங் கிளாஸ் ஒன்றை எடுத்து, திரை கறுப்பாகும்வரை திருப்பு. இப்போது திரைக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவில் டாலரைப் பிடி. உள்ளே அழுத்தம் இருக்கும் இடம் வெளிச்சமாகத் தெரியும், சரியாக ஆறின கண்ணாடி கறுப்பிலேயே கிடக்கும்.


போர்ட்லண்ட் கதிர் | வெள்ளி, இரவு 9.25

செய்தேன். கூலிங் கிளாஸை மனைவியின் பையிலிருந்து திருடினேன். 19, 20 இரண்டும் இருட்டு, ஓரத்தில் லேசான சாம்பல். 21இன் தலையில், வளையம் கழன்ற இடத்தைச் சுற்றி, நாலு வெள்ளை இதழ்! கண்ணாடிக்குள்ளே நான் வைக்காத பூ. திருப்பத் திருப்ப அதுவும் திரும்புகிறது. அப்புறம் வீட்டில் இருக்கும் கண்ணாடிச் சாமானையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்ததில் ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போனது.


ஹூஸ்டன் மணி | சனி, காலை 7.05

நானும் பார்த்தேன். கில்ன் என்ன விலைக்கு வருகிறது என்று யாராவது சொல்லுங்கள்.


கோவை பாலா | சனி, காலை 10.30

😄 மணி அண்ணா.

ஒரு சந்தேகம். இந்தப் பூ வேலையை முதலில் யார் கண்டுபிடித்தார்கள்? ஹார்வர்டில் கண்ணாடிப் பூக்கள் இருக்கின்றனவே, அதுவும் இதே முறையா?


பழைய ஊதுகுழல் | சனி, மதியம் 12.10

இல்லை, அது வேறு. ஹார்வர்டில் இருப்பவை டிரெஸ்டன் பக்கத்தில் இருந்த பிளாஷ்கா என்ற தந்தையும் மகனும் 1887 முதல் 1936 வரை செய்தவை. இதழ் இதழாக, மகரந்தம் மகரந்தமாகச் சுடரில் உருவாக்கிச் சேர்த்தது, சிலவற்றுக்கு வண்ணமும் பூசினார்கள். எதையும் உள்ளே மூடவில்லை. கண்ணாடிக்குள் பூ என்றால் நியூ ஜெர்சியின் மில்வில் ரோஜாவைச் சொல்லவேண்டும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். அங்கே இதழ் வடிவில் வெட்டிய உலோக அச்சை நிறக் கண்ணாடிக்குள் குத்தி மேலே தள்ளுவார்கள், நிறம் தெளிவான கண்ணாடிக்குள் ரோஜாவாக ஏறும். அது பெரிய உலை வேலை. நம் இம்ப்ளோஷனில் அந்த அச்சின் வேலையைச் சூடே செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே நியூ ஜெர்சியில் பால் ஸ்டாங்கர்ட் என்பவர் பத்து வருடம் என்னைப் போல ஆய்வுக்கூடக் கண்ணாடி ஊதிக்கொண்டிருந்தவர். பிறகு காட்டுப்பூக்களைச் சுடரில் செய்து பேப்பர்வெயிட்டுக்குள் வைக்க ஆரம்பித்தார், உலகமே திரும்பிப் பார்த்தது. நான் அதே பத்து வருடத்தில் நானூறு கண்டென்சர் செய்தேன். சரி, அதை விடு.


போர்ட்லண்ட் கதிர் | அடுத்த ஞாயிறு, மாலை 6.45

23ஆவது. படம் இணைத்திருக்கிறேன். வளையம் ஐயா சொன்ன மாதிரி வளைவாக இறங்குகிறது, கூலிங் கிளாஸில் இருட்டு. கூடத்துக்காரரிடம் பேசி என்னுடையதை முதலிலேயே கில்னில் வைத்து முழு ஒரு மணி நேரம் இருக்கவிட்டேன். மகள் கழுத்தில் போட்டுக்கொண்டாள், ஆனால் சிலந்திகளையும் திருப்பித் தரமாட்டேன் என்கிறாள்.


போளைக்காரி | ஞாயிறு, இரவு 8.30

நல்ல வடிவு. ஆழமும் இருக்கு. இதழ் எண்ணிப் பார்த்தேன், ஏழுதான் வருது?


போர்ட்லண்ட் கதிர் | ஞாயிறு, இரவு 8.34

ஐந்தோடு நிறுத்தாமல் உள்வட்டத்திலும் எட்டு வைத்தேன் அக்கா, மூன்று மணிக்கும் நாலரைக்கும் வைத்தவை ஒட்டிக்கொண்டன.


பழைய ஊதுகுழல் | திங்கள், காலை 5.55

முதுகுப் படமும் போடு தம்பி. பன்ட்டி எடுத்த தழும்பை எப்படி உருக்கினாய் என்று பார்க்கவேண்டும்.


போர்ட்லண்ட் கதிர் | திங்கள், காலை 7.20

ஐயா, அதைத்தான் போடாமல் தவிர்த்தேன். வியாழக்கிழமை வரை நேரம் கொடுங்கள்.